நாய்க்கும் நீர்க்கடுப்பு வரும்

நாய் என்றாலே இன்று நம் பேச்சு கடியில் தொடங்கிக் கருத்தடையில் முடிகிறது. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை என்று தாமிரபரணி ஆற்றங்கரை ஊர்களிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன் நான். எனக்கு மூன்றாவதாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாயின் சிறுநீரை நாம் கவனிப்பதே இல்லை. இது நாய்க்கும் கேடு, நமக்கும் கேடு.

"சூடுதான் டாக்டரய்யா. இளநி குடுத்தேன், வாழைத்தண்டுச் சாறு குடுத்தேன், கேக்க மாட்டேங்கு." காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சொட்டுச் சொட்டாகவே நீர் போகிற நாயை இப்படிச் சொல்லித்தான் கூட்டிவருவார்கள். அதற்குள் இரண்டு நாள் ஓடியிருக்கும். ஆண் நாய்க்கு அந்த இரண்டு நாளிலேயே உயிர் போய்விடக்கூடும். அதன் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் பள்ளம் வழியாகப் போவதால் அங்கே விரிய இடமில்லை. நீர்ப்பைக்குள் உருவான கல் வந்து சிக்குவதும் அங்கேதான். நீர் அடைத்தால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். முக்கியும் நீர் வராத நாயைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெட்டை நாய்க்குக் குழாய் குட்டை, அகலம். அடைப்பு அரிது, கிருமி ஏறுவது எளிது. நல்ல பழக்கமுள்ள நாய் திடீரென்று கூடத்தில் நனைத்துவிட்டால் விளக்குமாறால் அடிக்கிறார்கள். அது சேட்டையாக இருக்காது. நீர்ப்பைப் புண், கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என எதுவாகவும் இருக்கலாம். பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்தில் சோர்ந்து, தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் கருப்பையில் சீழ் கோத்திருக்கக்கூடும். தெருவில் திரியும் நாய்களுக்குக் குறியிலிருந்து ரத்தம் சொட்டினால், இணைசேரும்போது தொற்றும் புற்றுக்கட்டியாக இருக்கலாம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், வைத்தியமோ வேறு வேறு.

திருநெல்வேலியின் பெருமாள்புரம், மகாராஜநகர் மாடி வீடுகளில் இன்னொரு பழக்கத்தைப் பார்க்கிறேன். "தண்ணி வச்சா உள்ளேயே மோண்டு வச்சிருது" என்று சட்டியை எடுத்து ஒளித்துவிடுகிறார்கள். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு தடவை வெளியே விடுகிறார்கள். நெல்லை வெயிலில் தண்ணீரும் இல்லாமல், இருக்கிற நீரையும் அடக்கிக்கொண்டு கிடக்கும் நாய்க்குச் சிறுநீர் கெட்டிப்படும், கல் பிடிக்க வழி பிறக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையில் பாதியைக் கொடுப்பது இதைவிட மோசம். மனிதருக்கான வலி மாத்திரைகள் நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். அரைகுறையாகக் கொடுத்த ஆன்டிபயாடிக்கோ, கிருமிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிடும்.

இது நாய் வளர்ப்பவர் பாடு என்று மற்றவர்கள் ஒதுங்கவும் முடியாது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, நோய் தொற்றிய நாயின் சிறுநீரிலும் வெளியேறும். நோய் தெளிந்த பிறகும், வெளிக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், மாதக்கணக்கில் அப்படி வெளியேறக்கூடும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடிருந்து, காலிலுள்ள கீறல் வழியாக மனிதருக்குள் இறங்கும். கார், பிசான நெல் விளையும் இந்தப் பள்ளத்தாக்கில் எலியும் நாயும் நடவு நடும் பெண்களும் இறங்குவது ஒரே வயலில்தான். 2018 கேரள வெள்ளத்தை அடுத்து அங்கே எலிக்காய்ச்சல் பரவியது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த ஆபத்து நமக்கும் தூரமில்லை.

நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி உண்டு. முதலில் சில வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று. எல்லா வகைக் கிருமியையும் அது தடுக்காது, முக்கியமான சிலவற்றைத் தடுக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் போட்டுவிடுவது நம் ஊருக்குப் பொருத்தம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாள். அன்று நடத்தும் வெறிநோய்த் தடுப்பூசி முகாமிலேயே, வயலோர ஊர் நாய்களுக்கு இந்த ஊசியையும் அரசு சலுகை விலையில் போடலாம்.

திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பாபநாசத்திலிருந்து ஒருவர் அடைப்பு வந்த நாயைத் தூக்கிக்கொண்டு அதுவரை வர வேண்டியிருக்கக் கூடாது. கிராம மருந்தகம் ஒவ்வொன்றிலும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையும், ஒரு நுண்ணோக்கியும், நீரை வடிக்க மெல்லிய குழாயும் இருந்தால் பாதி நாய்கள் அங்கேயே பிழைக்கும். இவை பெரிய செலவில்லை. நாய்க்கு எலிக்காய்ச்சல் உறுதியானால், அதே ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும். மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவில் செய்துவிடக்கூடிய காரியம் இது.

நாய் வளர்ப்பவர்களுக்கு: தண்ணீர்ச் சட்டியை எடுக்காதீர்கள். நாளைக்கு நான்கு தடவையாவது வெளியே விடுங்கள். அது எப்படி நீர் விடுகிறது, என்ன நிறம் என்று பாருங்கள். நாய் நனைத்த இடத்தை வெறுங்கையால் துடைக்காமல் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவுங்கள். நீர் அடைத்தால் இளநீர் தேடி அலையாமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.