பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

பல பள்ளிகளில் நூலகம் என்பது தனி அறை அல்ல. தலைமையாசிரியர் அறையிலோ, அறிவியல் ஆய்வகத்தின் மூலையிலோ நிற்கும் ஓர் இரும்பு பீரோதான் நூலகம். உள்ளே புத்தகங்களுக்குக் குறைவில்லை. அரசு அனுப்பியவை, நன்கொடையாக வந்தவை, ஆண்டு விழாவில் யாரோ கொடுத்தவை என்று அடுக்கு அடுக்காக இருக்கும். எல்லாவற்றிலும் பள்ளி முத்திரை, வரிசை எண். முத்திரைத் தேதியைப் பார்த்தால் பத்து வருடம் ஆகியிருக்கும். புரட்டினால் புதுப் புத்தகம் போல மொடமொடப்பு மாறாமல் இருக்கும்.

அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. சிக்கலே அதுதான்.

“இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க படிக்குதுங்க? எப்பப் பாரு போன்தான்” என்ற புலம்பல் எல்லா வீடுகளிலும் கேட்கிறது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, போன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, கதைப் புத்தகம் பூட்டுக்குள் இருக்கிறது என்பது. இப்படியொரு போட்டியில் புத்தகம் தோற்றுப்போவதில் என்ன ஆச்சரியம்?

மாணவர்களை எப்படி வாசிக்க வைப்பது என்று யோசிக்கிற பள்ளி நூலகருக்கு, நூலகர் பணியிடம் இல்லாத பள்ளிகளில் அந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிற ஆசிரியருக்கு, முதல் வேலை போட்டி நடத்துவதோ பரிசு கொடுப்பதோ அல்ல. பீரோவைத் திறந்து வைப்பது.

பூட்டுக்குக் காரணம் பயம்

பூட்டி வைக்கிற ஆசிரியர் புத்தகத்துக்கு எதிரி இல்லை. அவருடைய கவலை வேறு. வருடக் கடைசியில் இருப்பு சரிபார்ப்பார்கள். பதிவேட்டில் 640 என்று இருந்து, எண்ணிப் பார்க்கையில் 631 வந்தால், மீதி ஒன்பது எங்கே என்ற கேள்வி அவரிடம்தான் வரும். பணி மாறுதல் வந்தால் அடுத்தவரிடம் ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் கைக்காசு போட நேருமோ என்ற பயம். ஒரு பையன் தொலைத்த முப்பது ரூபாய்ப் புத்தகத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பதைவிட, யாருக்கும் கொடுக்காமல் இருப்பது சுலபம் என்று தோன்றிவிடுகிறது.

ஆனால், புத்தகம் தொலையவே கூடாது என்று அரசாங்க விதிகள்கூடச் சொல்வதில்லை. மத்திய அரசின் 2017-ம் ஆண்டு பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கென்றே ஒரு விதி உண்டு. ஓர் ஆண்டில் வாசகர்களுக்குக் கொடுத்த, அவர்கள் எடுத்துப் பார்த்த புத்தகங்களில் 1,000-க்கு 5 தொலைந்தால் அதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பள்ளி பீரோவில் இருக்கிற கதைப் புத்தகங்களில் எத்தனை அந்த விலையைத் தொடும்?

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. பீரோவில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதை வைத்து விதி கணக்குப் போடவில்லை. வாசகர் கைக்கு எத்தனை போயின என்பதை வைத்துப் போடுகிறது. நிறையக் கொடுத்தவருக்கு நிறைய விட்டுக்கொடுக்கிறது. கொடுக்காதவருக்கு எந்தச் சலுகையும் இல்லை.

இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. மாநில அரசுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் அவரவர் நடைமுறை உண்டு. ஆனாலும் அதிலுள்ள நியாயம் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். “தைரியமா கொடுங்க சார். கிழிஞ்சா, தொலைஞ்சா முறைப்படி எழுதிக் கணக்கிலேர்ந்து எடுத்துக்கலாம்” என்று தலைமையாசிரியரோ தாளாளரோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதிப் பூட்டு அங்கேயே திறந்துவிடும்.

சீர்காழிக்காரர் சொன்ன விதி

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆள் நடமாட்டம் இல்லாத நூலகத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை. சில வாரங்களிலேயே, “பழைய வேலைக்கே போகிறேன்” என்று கேட்டுவிட்டார். ‘லண்டன் போய் நூலகக் கலையைப் படித்துவிட்டு வாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் கணக்குப் பாடம் நடத்தப் போகலாம்’ என்று ஓர் ஏற்பாடு ஆனது. போனார், இங்கிலாந்து நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார், திரும்பி வந்தார். அதன் பிறகு நூலகத்தை விடவே இல்லை. அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐத்தான் இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

1931-ல் வெளியான அவருடைய புத்தகம் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தது. முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. இதைச் சொல்ல ஒரு விதி வேண்டுமா என்று தோன்றும். வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலி நூலகத்தை இன்றைக்கும் பார்க்கலாம். அங்கேயாவது நின்றபடி படிக்க முடிந்தது. பூட்டிய பீரோவில் அதுவும் முடியாது.

அடுத்த இரண்டு விதிகள் பள்ளி நூலகருக்கென்றே எழுதியவை போல இருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். கிட்டத்தட்டக் கல்யாணத் தரகர் வேலை. இரு பக்கத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிரிக்கெட் பைத்தியமாகத் திரியும் பையன் யார், பாம்பு, பல்லி என்றால் கண் விரியும் பெண் யார், அப்பா வெளிநாட்டில் இருப்பதால் உலக வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை யார் என்று தெரிந்தவர், “உனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்” என்று ஒரு புத்தகத்தை நீட்டினால், அதைத் திறக்காமல் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம்.

அட்டை தெரியட்டும்

பீரோவைத் திறந்தாயிற்று. அடுத்து, புத்தகங்களை வெளியே கொண்டுவர வேண்டும். முதுகு மட்டும் தெரிய நெருக்கி அடுக்கிய புத்தகம் பெரியவர்களுக்குச் சரி. குழந்தைகள் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். வகுப்பறையின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் புத்தகங்களை மாட்டி விட்டாலே போதும். வாரம் ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தால், “இந்த வாரம் என்ன மிஸ் புதுசு?” என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

லைப்ரரி பீரியடில் நூலகர் கதையின் முதல் சில பக்கங்களைக் குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டலாம். கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். மீதி வேண்டுமென்றால் புத்தகம் மேஜைமேல் இருக்கிறது. ‘தொடரும்’ என்ற ஒரு வார்த்தையை வைத்து வாரப் பத்திரிகைகள் எத்தனை வருடம் வாசகர்களை அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வைத்தன! அதே வித்தைதான்.

எதைப் படிக்க வேண்டும் என்பதில் நூலகர் கொஞ்சம் விட்டுப்பிடிக்க வேண்டும். படக்கதை படிக்கிறானா, படிக்கட்டும். ஒரே புத்தகத்தை நான்காவது தடவை எடுக்கிறாளா, எடுக்கட்டும். வாழ்நாள் முழுக்கப் படிக்கிற பழக்கத்துக்கு அம்புலிமாமாவிலும் முத்து காமிக்ஸிலும் அடித்தளம் போட்டவர்கள் இன்றைய தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர்.

கேள்வி கேட்காமல் கொடுங்கள்

வாசிப்பைக் கொல்வதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும் பிள்ளையிடம், “கதையின் கருத்து என்ன? பத்து வரியில் எழுதிக் காட்டு” என்று கேட்பது. விளையாடிவிட்டு வந்த பிள்ளையிடம் விளையாட்டைப் பற்றிக் கட்டுரை கேட்டால் மறுநாள் மைதானத்துக்குப் போகுமா?

பிரான்ஸில் பள்ளி ஆசிரியராக இருந்த எழுத்தாளர் டேனியல் பெனாக், 1992-ல் வெளியிட்ட புத்தகத்தில் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று பட்டியல் போட்டார். படிக்காமல் இருப்பது, பக்கங்களைத் தாண்டிப் போவது, பாதியில் நிறுத்துவது ஆகிய மூன்றும் அதில் முதலில் வருகின்றன. பெரியவர்கள் இந்த உரிமைகளைத் தாராளமாக அனுபவிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் மறுக்கிறார்கள்.

ஜப்பானில் பல பள்ளிகள் கடைப்பிடிக்கும் ‘காலை வாசிப்பு’ இதே வழியில் போகிறது. 1988-ல் சிபா மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆரம்பித்து, ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. முதல் மணி அடித்ததும் 10 நிமிடம் வாசிப்பு. நிபந்தனைகள் நான்கே. எல்லாரும் படிக்க வேண்டும். தினமும் படிக்க வேண்டும். பிடித்த புத்தகமாக இருக்கலாம். படித்தால் மட்டும் போதும். எழுத வேண்டாம், ஒப்பிக்க வேண்டாம். எல்லாரும் என்பதில் ஆசிரியரும் உண்டு. வருகைப் பதிவேட்டைத் திருத்திக்கொண்டே, “ம்… படிங்க” என்று சொல்கிற இடம் இல்லை அது.

தடுமாறிப் படிக்கும் பிள்ளை

எட்டாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் நூலகத்தின் பக்கமே வர மாட்டார்கள். சின்னப் புத்தகத்தைக் கொடுத்தால் கூச்சம், பெரிய புத்தகத்தைக் கொடுத்தால் பயம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் இதற்காகவே புத்தகங்களை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், வாசிக்கும் திறனை வைத்து ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாகப் பிரித்தது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதில் அவமானம் இல்லை. அடுத்த படி இருக்கிறது என்பதுதான் செய்தி.

கூச்சத்தைப் போக்க நூலகரிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. “வெள்ளிக்கிழமை ரெண்டாம் வகுப்புப் பசங்களுக்கு நீதான் கதை படிச்சுக் காட்டணும்” என்று அந்தப் பையனிடம் சொல்லலாம். இப்போது சின்னப் புத்தகம் அவனுக்கு அவமானம் இல்லை, பொறுப்பு. தடுமாறக் கூடாதென்று வீட்டில் நாலு தடவை படித்துப் பார்ப்பான். வெள்ளிக்கிழமை இருபது குட்டிகள் வாயைப் பிளந்து அவனைப் பார்ப்பார்கள். எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது.

பொறுப்பு கொடுப்பது எல்லாருக்கும் பொருந்தும். புத்தகம் கொடுத்து வாங்குவதை மாணவர் குழுவிடமே விடலாம். கிழிந்த புத்தகங்களுக்குப் பசையும் நூலும் வைத்து ‘புத்தக ஆஸ்பத்திரி’ நடத்தச் சொல்லலாம். தன் கையால் ஒட்டிய புத்தகத்தை எந்தப் பிள்ளையும் கிழிக்காது. தொலைந்துவிடுமோ என்ற ஆசிரியரின் கவலைக்கும் அதுவே பாதி மருந்து.

வீட்டுக்குப் போகட்டும்

பள்ளிப் புத்தகம் பள்ளியிலேயே இருந்தால் ஒருவர்தான் படிப்பார். வீட்டுக்குப் போனால் தங்கை படம் பார்ப்பாள், அம்மா சமையலுக்கு நடுவில் இரண்டு பக்கம் புரட்டுவார், பாட்டி ‘எனக்கும் படிச்சுக் காட்டேன்’ என்பார். வேறு புத்தகமே இல்லாத வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. பை திறந்து கதைப் புத்தகம் விழும்போது, “பரீட்சைக்குப் படிக்காம இது என்ன?” என்று கேட்காமல் இருப்பது முதல் உதவி. அடுத்தது, பள்ளியில் கேட்பது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அதில் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்களோடு கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே சட்டப்படி அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர்கள்.

கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றியெல்லாம் பேசுகிறார்கள். பேசவும் வேண்டும். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம். “நூலகத்துல எத்தனை புத்தகம் இருக்கு?” என்று கேட்க வேண்டாம், அதற்குப் பதில் பதிவேட்டில் தயாராக இருக்கும். “போன மாசம் எத்தனை புத்தகம் பிள்ளைங்களோட வீட்டுக்குப் போச்சு சார்?” என்று கேட்க வேண்டும். அதோடு நிறுத்தாமல், “நாலு புத்தகம் கிழிஞ்சு வந்தா டீச்சரைக் கேள்வி கேட்க மாட்டோம்” என்றும் சொல்ல வேண்டும்.

சாவியை வைத்திருப்பவருக்கு அந்த இரண்டாவது வாக்கியம்தான் தேவைப்படுகிறது.