பரிகாரமா? பரீட்சையா?

மேட்டூரில் ஒருவர் புது லாரி வாங்கினால் என்ன நடக்கிறது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. புரோகிதருக்குத் தட்சணை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், திருஷ்டிக்குப் பூசணிக்காய். பழம் நசுங்கியதும் முதலாளிக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால், நசுங்குகிறவர்கள் டிரைவரும் கிளீனருமேயன்றி வேறு யார்?

மற்றொரு சங்கதியைக் கவனியுங்கள். செயற்கைக் கோளை ஆகாயத்தில் தள்ளிக்கொண்டு போகும் பிளாஸ்மா எஞ்சின் ஒன்றை 1000 மணி நேரம் ஓட்டிச் சோதித்து முடித்ததாக 2025 மார்ச்சில் இஸ்ரோ அறிவித்தது. அதன் பலம் 300 மில்லி நியூட்டன். அதாவது, ஏறக்குறைய 30 கிராம் எடை. ஒரு சிறு எலுமிச்சம்பழத்தின் கனம்! இது என்ன பிரமாதம் என்று கேட்கலாம். தடுக்கக் காற்றில்லாத வெளியில், அவ்வளவு சிறு பலமும் மாதக்கணக்கில் தள்ளினால் பெரிய கோளையும் நகர்த்திவிடும். செனான் என்னும் வாயுவை மின்சாரத்தால் அயனிகளாக்கி வேகமாய் வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. மற்ற எரிபொருளைவிடச் சொற்பமே போதும்.

ஆனால், பாய்கிற அயனிகளே எஞ்சினின் உட்சுவரை அரிக்கின்றன. மேலே போனபின் பழுது பார்க்க மெக்கானிக் கிடையாது. ஆகவே பூமியிலேயே, காற்றை நீக்கிய கலத்துக்குள், 5.4 கிலோவாட் முழுச் சக்தியில் ஓட்டி, அரிப்பு எவ்வளவு என்று அவ்வப்போது பார்த்தார்கள். 1000 மணி நேரம் என்பது 41 நாட்களுக்கு மேல். மாலை போட்டு 41 நாள் விரதம் இருந்தவர்களில், முடிவில் எது தேய்ந்தது, எது மிஞ்சியது என்று அளந்து பார்த்தவர் ஒருவராவது உண்டா? அமெரிக்காவிலோ வேறு வகை அயனி எஞ்சினொன்றை 51,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, 2014இல்தான் நிறுத்தினார்கள்.

இவ்வளவு அறிவுள்ள இடத்திலும், ராக்கெட்டின் பொம்மையைத் திருப்பதிக்குத் தூக்கிப்போகும் பெரியவர்கள் இருப்பது வெட்கக்கேடு. 2010 ஏப்ரல் 15ஆம் தேதி இத்தகைய பிளாஸ்மா எஞ்சின்களை ஏற்றிச்சென்ற ஜிசாட்-4 ராக்கெட்டோடு கடலில் விழுந்தது. எந்தச் சாமியும் தாங்கிப் பிடிக்கவில்லை. கிரையோஜெனிக் பகுதியின் எரிபொருள் பம்பு நின்றதே காரணம் என்று ஆராய்ந்து கண்டார்கள், திருத்தினார்கள், 2014 ஜனவரியில் அவ்வகை ராக்கெட் வெற்றியோடு பறந்தது. அதைப் பறக்க வைத்தது பரிகாரமா, பரீட்சையா?

தோழர்களே! அடுத்த புது லாரிப் பூசைக்கு உங்களை அழைத்தால் தாராளமாகப் போங்கள். முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பழத்தை நசுக்கினீரே, பிரேக்கைப் பார்த்தீரா?"