அள்ளித்தான் போடணும்

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் பருப்புப் பொடி, ஊறுகாய், அப்பளம் என்று எடுத்துப் போவார்கள். 2024 ஜூனில் நான் போனபோது இவற்றோடு இன்னொரு அயிட்டமும் இருந்தது. சட்டைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் கவருக்குள், நாலு பக்கம் டைப் அடித்த ஒரு பவர் பத்திரம்.

விஷயம் இதுதான். சேலத்தில் நான் குடியிருப்பது அப்பா கட்டிய வீடு. அப்பா உயில் எழுதவில்லை. "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கவா போறீங்க?" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். அம்மாவும் போன பிறகு, 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு எனக்குப் பாதி, அட்லாண்டாவில் இருக்கும் அக்காவுக்குப் பாதி. அக்கா மனசு வைத்து ஒரு கையெழுத்துப் போட்டால் முழுசும் எனக்கு. அதற்கு அவள் சேலம் வரக்கூட வேண்டாம். அட்லாண்டாவிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே போய் பவரில் கையெழுத்துப் போட்டு அத்தாட்சி வாங்கிவிட்டால், மீதியை நான் இங்கே ரிஜிஸ்தர் ஆபீஸில் பார்த்துக்கொள்வேன்.

"உங்கக்காவுக்கு என்ன குறைச்சல்? மாடி வீடு, ரெண்டு காரு. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க" என்றாள் வீட்டம்மா. ஏர்போர்ட்டில் எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்: "பத்திரமா போயிட்டு வாங்க." முதல் வார்த்தையில் மட்டும் கொஞ்சம் அழுத்தம் ஜாஸ்தி.

பிளேன் டிக்கெட் அக்கா எடுத்துக் கொடுத்தது என்பதை இங்கே அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளவும்.

பி.காம். படித்தவனுக்குப் பக்குவம் வராது, பாலன்ஸ் ஷீட்தான் வரும். பத்து நாள் ஆகியும் பேச்சை எடுக்க முடியவில்லை. காபி குடிக்கும்போது ஆரம்பிப்பேன். "அக்கா, வந்து..." "என்னடா, சர்க்கரை பத்தலையா?" அவ்வளவுதான். சர்க்கரை வரும், மேட்டர் போய்விடும்.

இரண்டாவது சனிக்கிழமை அக்கா சொன்னாள்: "கெளம்புடா, பீச் வாங்கிட்டு வரலாம்."

நான் அறிந்த ஒரே பீச் மெரினா. அதை யாரும் வாங்க முடியாது. அப்புறம்தான் தெரிந்தது, பழம். அட்லாண்டாவில் வழி கேட்டால் பாதிப் பேர் பீச்ட்ரீ ஸ்ட்ரீட் என்பார்கள், மீதிப் பேர் வெஸ்ட் பீச்ட்ரீ ஸ்ட்ரீட் என்பார்கள். நம் ஊரில் காந்தி ரோடு மாதிரி. ஜார்ஜியாவுக்கே 'பீச் மாநிலம்' என்றுதான் செல்லப் பெயர். இத்தனைக்கும் கலிபோர்னியாவில்தான் அதிகம் விளைகிறது. பக்கத்து சவுத் கரோலினாகூட ஜார்ஜியாவை முந்திவிடுகிறது. ஆனாலும் பேர் என்னவோ இவர்களுக்குத்தான். உழைப்பவன் ஒருத்தன், பேர் வாங்குபவன் ஒருத்தன் என்பது நம் ஆபீசில் மட்டும் இல்லை சார்.

தெற்கே நூறு மைல். ஃபோர்ட் வேலி என்று ஒரு சின்ன ஊர். அந்த மாவட்டத்தின் பெயரே 'பீச் கவுண்ட்டி'. பக்கத்தில் மார்ஷல்வில். அந்த ஊரில்தான் 1870-களில் சாமுவேல் ரம்ஃப் என்ற விவசாயி ஒரு புது ரக பீச்சை உண்டாக்கி, அதற்குத் தன் மனைவி பெயரிலிருந்து 'எல்பர்ட்டா' என்று பேர் வைத்தார். ரயிலில் தூர தேசம் போனாலும் தாங்குகிற பழம். நான் ஸ்கூட்டரில் மனைவி பேரை எழுதியதற்கே "ஸ்பெல்லிங் தப்பு" என்று திட்டு வாங்கியவன்.

தோட்டத்துக் கடையில் அரை புஷல் பெட்டி வாங்கினோம். 25 பவுண்டு, நம் கணக்கில் 11 கிலோவுக்கு மேல். விலையை 83-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு நான் பேசாமல் காரில் ஏறிக்கொண்டேன்.

"போன வருஷம் காசு குடுத்தாலும் பழம் இல்லடா" என்றாள் அக்கா. வாஸ்தவம்தான். பீச் மரத்துக்குக் குளிர்காலத்தில் கணக்கு வைத்துக் குளிர் வேண்டும். ரகத்தைப் பொறுத்து அறுநூறிலிருந்து ஆயிரம் மணி நேரம் வரை, ஏழு டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே. பற்றாவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. 2023-ல் குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போய், மார்ச்சில் பூவெடுத்த நேரத்தில் உறைபனி விழுந்தது. ஜார்ஜியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் விளைச்சல் போச்சு. குளிர வேண்டிய நேரத்தில் குளிர வேண்டும், இளக வேண்டிய நேரத்தில் இளக வேண்டும். பக்குவம் தவறினால் பீச்சும் வராது, சொத்தும் வராது என்று மனசுக்குள் நோட் பண்ணிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அறிவித்தாள்: "இன்னிக்கு காப்ளர்."

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் வீட்டம்மா. "என்ன பண்றீங்க?" "காப்ளர் பண்றோம்." "அமெரிக்கா போய் செருப்பு தைக்கறீங்களா? கையெழுத்து என்னாச்சு?"

அந்தக் காப்ளர் வேறு, இந்தக் காப்ளர் வேறு. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறினவர்களுக்கு ஊர்ப் பலகாரம் செய்ய வசதியான அடுப்பு இல்லை. இரும்புச் சட்டியில் பழத்தைப் போட்டு, மேலே மாவை உருட்டி உருட்டி வைத்து, நெருப்பில் வேகவிட்டார்கள். வெந்ததும் மேல்பக்கம் கல் பாவிய தெரு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். பேர் அதனால்தான் வந்தது என்பது ஒரு கட்சி.

செய்முறை சொல்கிறேன், பிரம்மச்சாரிகள் குறித்துக்கொள்ளலாம். நன்றாகப் பழுத்த பீச் ஏழெட்டு. சிவப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிவப்புக்கு நடுவே தெரிகிற அடி நிறம் மஞ்சளாக இருக்க வேண்டும், மூக்கருகே கொண்டுபோனால் மணக்க வேண்டும். காயாக இருந்தால் காகிதப் பைக்குள் இரண்டு நாள். கொதிக்கிற தண்ணீரில் முக்கால் நிமிஷம், உடனே ஐஸ் தண்ணீர், தோல் சட்டை மாதிரி கழன்றுவிடும். துண்டு போட்டு, முக்கால் கப் சர்க்கரை, ஒரு ஸ்பூன் சோள மாவு, எலுமிச்சைச் சாறு கொஞ்சம், பட்டைத் தூள் ஒரு சிட்டிகை. இது அடிப்பாகம்.

மேலே போட ஒன்றரை கப் மைதா, கால் கப் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு அரை டீஸ்பூன், ஆறு டேபிள்ஸ்பூன் வெண்ணெய். வெண்ணெய் ஃபிரிஜ்ஜிலிருந்து வந்த ஜில்லிப்போடு இருக்க வேண்டும். மாவில் விரல் நுனியால் உதிர்க்க வேண்டும், பிசையக் கூடாது. குட்டிக் குட்டி வெண்ணெய்த் துண்டுகள் அவனுக்குள் உருகி ஆவி விட்டால்தான் மாவு பொறுபொறுவென்று மேலே எழும்பும். அரை கப்புக்குக் கொஞ்சம் கூடவே பால் விட்டு, கரண்டியால் அங்கங்கே வைத்து, நடுவில் சந்து விட வேண்டும். 400 டிகிரியில் 40 நிமிஷம். பயப்படாதீர்கள், அது பாரன்ஹீட். நம் கணக்கில் 200. வெளியே எடுத்ததும் பாயக் கூடாது. அரை மணி ஆறினால்தான் சாறு கெட்டியாகும்.

உதிர்க்கிற உத்தியோகம் எனக்கு. நான் உதிர்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அக்கா ஸிங்க் பக்கமாகத் திரும்பி நின்று, பழத் துண்டுகளையெல்லாம் பாத்திரத்தில் போட்டுவிட்டு, கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் வருகிற பீச்சில் சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜூன் பாதிக்கு மேல் வருகிற ரகங்களில் கொட்டை தனியாகக் கழன்றுவிடும். சப்ப அதில் ஒன்றும் இருக்காது.

எனக்குக் கை நின்றுபோச்சு.

சேலத்தில் மே மாதம் அப்பா மல்கோவா வாங்கி வருவார். சம்பளத்துக்கு ஏற்றபடி ஒரே ஒரு பழம். அம்மா நறுக்குவாள். "எனக்குக் கொட்டைதாம்மா பிடிக்கும்" என்பாள் அக்கா. கதுப்பு ரெண்டும் எனக்கு. அவளுக்கு நிஜமாகவே கொட்டைதான் பிடிக்கும் என்று நான் முப்பத்தைந்து வயசு வரை நம்பிக்கொண்டிருந்தேன் சார். மல்கோவாவில் கொட்டை எவ்வளவு சின்னது என்று சேலத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? பி.காமில் பங்கு பிரிப்பதற்கு ஒரு பேப்பரே எழுதினவன், இந்தக் கணக்கை மட்டும் டாலி பண்ணவே இல்லை.

காப்ளர் வந்தது. வீடே மணந்தது. அக்கா பெண் என் கையில் கத்தியைக் கொடுத்தாள். "மாமா, எல்லாருக்கும் ஈக்வலா கட் பண்ணுங்க!"

ஈக்வலாகத்தான் கத்தியை வைத்தேன். மேலே இருந்த மாவு ஒரு பக்கம் சாய்ந்தது, சாறு இன்னொரு பக்கம் ஓடியது, பழம் நடுவில் அமுங்கியது.

"டேய், இது கேக் இல்லடா. வெட்டிப் பங்கு போட முடியாது. அள்ளித்தான் போடணும்" என்று அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டாள். அள்ளினாள். ஓரத்து முறுகலும் பழமும் சேர்ந்தது எனக்கு. மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம். மாமாவுக்கு, பெண்ணுக்கு. கடைசியில் பாத்திரத்தை வழித்து அவளுக்கு.

சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "உன் சட்டையைத் துவைக்க எடுத்தேன்டா. அந்தக் கவரைப் பார்த்தேன். திங்கக்கிழமை மாமாவுக்கு லீவு. தூதரகம் போயிட்டு வந்துடலாம்."

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டையில் பீச் நின்றது.

"ஒண்ணே ஒண்ணு. அம்மா ரூமை மட்டும் வாடகைக்கு விட்றாதே. ஊருக்கு வந்தா ராத்திரி தங்கறதுக்கு."

சொந்த அப்பா கட்டின வீட்டில் ராத்திரி தங்க, சொந்தத் தம்பியிடம் பர்மிஷன்!

"இல்லக்கா" என்றேன். "அந்தப் பத்திரத்துல ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கு."

"எந்தப் பக்கத்துல?"

"நாலு பக்கத்துலயும்."

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல், தன் தட்டிலிருந்த ஒரே ஒரு பெரிய துண்டை எடுத்து என் தட்டில் போட்டாள். நான் அதைத் திருப்பி அவள் தட்டில் போட்டேன். முதல் தடவையாக. அவள் சாப்பிட்டாள்.

சென்னை ஏர்போர்ட்டில் வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி: "கையெழுத்து வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு" என்று பேப்பரை நீட்டினேன். பீச் ஏழெட்டு, சர்க்கரை முக்கால் கப், வெண்ணெய் ஆறு டேபிள்ஸ்பூன். கீழே தேதி போட்டு அக்காவின் கையெழுத்து.

மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. நாலாம் நாள் ராத்திரி, இருட்டில் ஒரு குரல்: "ஏங்க... அந்த 1956-ம் வருஷத்துச் சட்டம் எங்க அப்பா வீட்டுக்கும் உண்டுதானே?"

"உண்டு."

"அப்ப எங்கண்ணன்கிட்டே யாராவது பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

மே மாதம் மச்சானைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். மல்கோவா வாங்கலாம் என்று இருக்கிறேன். கொட்டை மச்சானுக்கு!