துணையின்றிச் செல்லும் உரிமை

பாரிஸ் நகரின் மதலேன் மெட்ரோ நிலையத்தில் மூன்று வழித்தடங்கள் சந்திக்கின்றன. அவற்றுள் 1998-இல் தொடங்கப்பட்ட 14-ஆம் தடத்துக்கு மட்டுமே லிஃப்ட் உண்டு. மற்ற இரண்டுக்கும் படிக்கட்டுகள்தாம். 2024 அக்டோபரில் ஒரு பிற்பகல், அந்த லிஃப்டின் வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு, வரைபடத்தில் நான் செல்ல வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இடம் அருகில்தான் இருந்தது, தடம் வேறு.

தில்லியிலோ சென்னையிலோ அந்நேரத்தில் நான்கு பேர் சூழ்ந்திருப்பார்கள். நாற்காலியோடு என்னைத் தூக்கிப் படியிறக்கியும் இருப்பார்கள். நம் மக்களின் அந்த ஈரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கிய நாள் முதல், பள்ளிக்கும் கல்லூரிக்கும் பின்னர் பணிக்கும் அதன் தயவில்தான் போய் வந்திருக்கிறேன். ஆனால், தூக்கிச் செல்லப்படுகிறவன் எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பனவற்றைத் தானே முடிவு செய்வதில்லை. தூக்குகிறவர்களின் வசதியே அவற்றை முடிவு செய்கிறது. நாற்பது வயதைக் கடந்த பிறகு, ஒரு வாரமாவது அவ்வாறின்றி இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பாராலிம்பிக் போட்டிகள் அப்போதுதான் முடிந்திருந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

முன்னூறுக்கும் மேற்பட்ட மெட்ரோ நிலையங்களைக் கொண்ட பாரிஸில், சக்கர நாற்காலியில் தெருவிலிருந்து ரயில் வரை செல்லத்தக்கவை பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. முதல் தடம் 1900-இல் திறக்கப்பட்டது. அக்காலத்துச் சுரங்கங்களில் லிஃப்டுக்கு இடம் விடப்படவில்லை. ஆகவே, முதல் நாளே மெட்ரோவைக் கைவிட்டுப் பேருந்துக்கு மாறினேன். நடுவாசலுக்கு அருகே சக்கர நாற்காலிச் சின்னமிட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஓட்டுநர் உள்ளிருந்தபடியே சாய்தளத்தை நீட்டுகிறார். யாரும் எழுந்து வருவதில்லை. யாரும் இரக்கத்தோடு பார்ப்பதுமில்லை. ஒருமுறை அந்தச் சாய்தளம் நீள மறுத்தது. அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தேன். மற்ற பயணிகளைப் போல நானும் சலித்துக்கொண்டேன் என்பதில் ஓர் அற்ப மகிழ்ச்சி இருந்தது.

எல்லாம் இனித்தன என்று எழுதினால் அது பொய். ஈஃபில் கோபுரத்தில் சக்கர நாற்காலிக்கு இரண்டாம் தளம் வரைதான் அனுமதி, உச்சி இல்லை. பழைய காப்பிக் கடைகள் பலவற்றில் வாசலில் ஒரு படி. அதைக் கடந்தாலும் கழிப்பறை நிலவறையில், சுழற்படிக்கட்டுக்குக் கீழே. ஆனால், நடைபாதைகளில் நகராட்சி நிறுவியுள்ள தானியங்கிக் கழிப்பறைகளுக்குக் கட்டணமில்லை; அவற்றுள் நாற்காலியோடு நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெளியூரில் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் பொழுதைக் கழித்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். லூவர் அருங்காட்சியகத்தைக் காட்டிலும் அந்தக் கழிப்பறைகளே என் நினைவில் முதலில் நிற்கின்றன என்றால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது.

பிரான்சில் சட்டம் இல்லாமல் இல்லை. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களையும் போக்குவரத்தையும் பத்தாண்டுகளுக்குள் அனைவரும் பயன்படுத்தத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று 2005 பிப்ரவரிச் சட்டம் ஆணையிட்டது. சுரங்க மெட்ரோவுக்கு அப்போதே விலக்கு. பதிலாக மாற்றுப் போக்குவரத்து அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெடு நெருங்கிய 2014-இல், வேலை முடியவில்லை என்று கண்ட அரசு, திட்டம் சமர்ப்பிப்போருக்கு ஒன்பது ஆண்டுகள் வரை கூடுதல் தவணை தந்தது. பாராலிம்பிக் தொடங்கவிருந்த 2024 ஆகஸ்டில்தான், பழைய மெட்ரோவையும் மாற்றியமைக்கலாம் என்ற யோசனையைப் பாரிஸ் வட்டாரத் தலைவர் வலேரி பெக்ரெஸ் முன்வைத்தார்.

நாடாளுமன்றச் செய்தியாளனுக்கு இக்கதை பழகியது. நமது 1995-ஆம் ஆண்டுச் சட்டம், சாய்தளம் அமைக்கும் கடமையை அரசின் பொருளாதார ஆற்றலுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டது என்று கூறி, தானே பின்வாசல் திறந்து வைத்தது. 2016 டிசம்பரில், பணமதிப்பு நீக்கத்தை ஒட்டிய அமளியில் குளிர்காலக் கூட்டத்தொடரே முடங்கிக் கிடந்தபோது, கட்சி வேறுபாடின்றி இரு அவைகளும் புதிய சட்டத்தை நிறைவேற்றின. பொதுக் கட்டடங்களுக்கு விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு கெடு விதிக்கப்பட்டது. ஆனால், பழைய வாகனங்களை மாற்றியமைப்பது பொருளாதார ரீதியில் கட்டுப்படியானால் மட்டுமே என்ற நிபந்தனை போக்குவரத்துப் பிரிவில் நுழைந்துவிட்டது. பிரான்சின் மெட்ரோ விலக்குக்கு இது தம்பி.

விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. அன்று என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. சட்டத்தை மீறினால் முதல் முறைக்கு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை. ஒரு சாய்தளம் கட்டுவதைவிட அதைக் கட்டாமல் இருப்பதே மலிவு.

நான் ஊர் திரும்பிய சில வாரங்களில், 2024 நவம்பர் 8-இல், பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த விதிகளின் 15-ஆவது விதி சட்டத்துக்கு முரணானது என்றது நீதிமன்றம். சட்டம் 'செய்தே ஆக வேண்டும்' என்று சொல்ல, விதியோ வெறும் பரிந்துரைகளை அடுக்கி வைத்திருந்தது. கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் விதி வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிடப்பட்டது. அந்தத் தவணை 2025 பிப்ரவரியுடன் முடிந்தது.

பணம் இல்லை என்ற வாதத்துக்குத் தில்லியிலேயே பதில் இருக்கிறது. சட்டம் வந்த பின் கட்டப்பட்டு 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோவில், லிஃப்டும் சமதள நுழைவும் தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றன. இதில் தலைநகர் பாரிஸை முந்திவிட்டது. நிலையத்தின் வாசல் வரை என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கப்பால் நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதன் நடுவே மின்கம்பமும் இருக்கும். பாரிஸில் நம் வீரர்கள் 29 பதக்கங்கள் வென்றபோது வாழ்த்துச் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர்; அவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது பதக்கமன்று, பேருந்தில் ஏறும் வழி. எந்தப் பணியும் கட்டாயம், எந்த நாளுக்குள், தவறினால் எந்த அதிகாரி பொறுப்பு என்ற மூன்றும் எழுதப்படாத விதி, எத்தனை முறை திருத்தப்பட்டாலும் அறிவுரையாகவே இருக்கும். நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டியது ஒதுக்கீட்டுத் தொகையை அல்ல, இந்த மூன்றையும்தான்.

நடக்க இயலாதோருக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர் என்று மருத்துவர் சான்றளித்தவர்களுக்கே அது கிடைக்கும் என்பது விதி. என் சான்றிதழிலும் அந்த வாசகம் இருக்கிறது. பாரிஸில் ஆறு நாள் தனியே சுற்றியவன், தீபாவளிக்கு ஊர் செல்ல அந்தத் தாளைத்தான் எடுத்து வைத்தேன். சக்கர நாற்காலி நுழையாத பெட்டி வாசலையும் நடைமேடை இடைவெளியையும் எண்ணிப் பார்த்தால், மருத்துவர் எழுதியது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.