யானை விலை இறங்கியது, தீனி விலை இறங்கவில்லை: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மறைவான கணக்கு

ஜோர்ஜ்டவுன்: 2025 செப்டம்பர் 30ஆம் தேதி பூடி95 திட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, பெட்ரோல் நிலையங்களில் எல்லாருடைய வாயிலும் இருந்தது ஒரே எண்தான்: லிட்டருக்கு 1.99 ரிங்கிட். மைகாட்டும் செல்லுபடியாகும் வாகனமோட்டும் உரிமமும் இருந்தால் போதும். தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர். அப்போது மானியம் இல்லாத ரோன்95க்கு 2.60 ரிங்கிட். 300 லிட்டர் போதுமா போதாதா என்று நாடே பேசிக்கொண்டிருந்தது.

ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் அந்தப் பேச்சு பொருந்தவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்தக் கார்களில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்வது உயர் ஒக்டேன் பெட்ரோல், அதாவது நம் நாட்டில் ரோன்97. அதற்கு மானியம் கிடையாது. விலையும் வாரந்தோறும் மாறும்.

இவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கும் டெக்னீஷியன்கள், லாரி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், சொந்தமாக ஏர்கோன் பழுது பார்ப்பவர்கள் என்று நம் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். பத்து காவான் தோட்டம் தொழிற்பேட்டையாக மாறிய ஒரே தலைமுறைக் காலத்தில், தாத்தா மிதித்த சைக்கிளிலிருந்து பேரன் இரண்டு கதவு நிசானுக்கு வந்திருக்கிறான். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டு வாசலில் அப்படி ஒரு கார் நிற்பது தோட்டத்து வீட்டில் வளர்ந்தவனுக்கு என்ன பொருள் தரும் என்பது பட்டணத்தில் பிறந்தவர்களுக்கு எளிதில் விளங்காது. இங்கே பார்க்கப் போவது கணக்கை மட்டும்.

முதலில் விலை. ஃபோல்க்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ ஆறாம் தலைமுறைக் கார், 2010 வாக்கில் புதிதாக வந்தபோது இரண்டு லட்சம் ரிங்கிட்டை ஒட்டி விற்றது. இன்று ஒரு புதிய மைவி வாங்கும் காசுக்கு, சில வேளைகளில் அதற்கும் குறைவாக, அதே காரை வாங்கிவிடலாம். விளம்பரத்தைப் பார்ப்பவருக்கு இது அதிர்ஷ்டமாகத் தெரியும். ஆனால் இறங்கியது காரின் விலை மட்டுமே. அந்தக் காரின் கியர்பெட்டி இன்னும் இரண்டு லட்சம் ரிங்கிட் காரின் கியர்பெட்டிதான். அதன் டயர், பிரேக், சாலை வரி எதற்கும் காரின் வயது தெரியாது.

சாலை வரியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கான வரி எஞ்சின் கொள்ளளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. காரின் வயதுக்கோ இன்றைய சந்தை விலைக்கோ அதில் இடமில்லை. 1,401 முதல் 1,600 சிசி வரை வெறும் 90 ரிங்கிட். 3,000 சிசியைத் தாண்டினால் அடிப்படையே 2,130 ரிங்கிட், அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 ரிங்கிட். நம் இளைஞர்கள் ஆசைப்படும் நிசான் 350இஸட் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 3,498 சிசி. ஆண்டு வரி 4,371 ரிங்கிட். 1.5 லிட்டர் மைவிக்கு 90 ரிங்கிட். ஐந்து வருடம் வைத்திருந்தால் 350இஸட் வரியாக மட்டும் 21,855 ரிங்கிட் வாங்கிவிடும். மைவி ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 450 ரிங்கிட்டோடு நிற்கும்.

பிறையிலிருந்து பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போய்வரும் ஒருவர், வார இறுதி ஓட்டத்தையும் சேர்த்து மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைப்போம். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் மைவிக்கு 105 லிட்டர். மானிய விலையில் ஏறக்குறைய 209 ரிங்கிட். ஜெலுத்தோங் நெரிசலில் நின்று நின்று போகும் 350இஸட்டுக்கு 14 லிட்டர் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 210 லிட்டர் வருகிறது. ரோன்97 லிட்டருக்கு 3.20 ரிங்கிட் என்று வைத்தால் 672 ரிங்கிட். கவனித்துப் பாருங்கள், 210 லிட்டர் என்பது தொடக்கத்தில் இருந்த 300 லிட்டர் ஒதுக்கீட்டுக்குள்தான் இருந்தது. செலவை ஏற்றுவது அளவு மட்டுமல்ல, பெட்ரோலின் ரகமும்தான். இதைப் பார்த்துவிட்டுப் பலர் ரோன்95 ஊற்றி ஓட்டுகிறார்கள். எஞ்சின் தட்டும் சத்தத்தை உணரும் சென்சார் பற்றவைப்பைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காப்பாற்றும், வேகம் குறையும். சென்சாரே கிழடாகிப் போயிருந்தால் யார் காப்பாற்றுவது?

பினாங்கு பாலத்துக்கு 5.74 ரிங்கிட் வீதம் 22 நாள்களுக்கு 126 ரிங்கிட். சாலை வரியை மாதக் கணக்காக்கினால் 364 ரிங்கிட். மூன்றையும் கூட்டினால் மாதம் 1,160 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கார் தவணை, காப்புறுதி, டயர், பழுது ஒன்றையும் நாம் இன்னும் தொடவில்லை.

டயரைத் தொடுவோம். 350இஸட் காரின் 18 அங்குலச் சக்கரங்களில் முன்னால் 225 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 245. முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால், நம் வழக்கப்படி டயரை இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டிக்க முடியாது. நல்ல பிராண்டில் நான்கையும் மாற்றினால் இரண்டாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாது. வார இறுதியில் மட்டும் வெளியே வரும் காரில் டயரின் பூ தேயாமல் அப்படியே இருக்கும். ரப்பர் மட்டும் வெயிலில் இறுகிப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. காரைப் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் குனிந்து இந்த எண்ணைப் பார்க்கலாம்.

கோல்ஃப் ஜிடிஐ கதை வேறு. 1,984 சிசி என்பதால் சாலை வரி 372 ரிங்கிட்டோடு முடிந்துவிடும். அதனால்தான் பலர் 'இது கட்டுப்படியாகும்' என்று இறங்குகிறார்கள். அதன் ஆறு கியர் டிஎஸ்ஜி பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் அதை மிச்சம் பிடித்திருந்தால், அந்தச் செலவு வட்டியும் முதலுமாகச் சேர்ந்து அடுத்தவரின் தலையில் விழும். மெக்கட்ரோனிக் என்னும் கட்டுப்பாட்டுப் பகுதி போனால் பழுது ஆயிரக்கணக்கில் போகும். அந்தக் காலத்து எஞ்சின்களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கைவிடுவதும் பட்டறைக்காரர்கள் நன்கு அறிந்த கதை. காலையில் எஞ்சினை முடுக்கியதும் சில விநாடிகள் கடகடவென்று சத்தம் வந்தால், விற்பவர் அதை 'சாதாரணம்' என்பார்.

இதற்கெல்லாம் நம்மூர் வைத்தியம் ஹாஃப்-கட். ஜப்பானில் காருக்குக் கட்டாயச் சோதனை கடுமையானது. பெட்ரோல் கார் 13 வயதைத் தாண்டினால் வரியும் கூடுகிறது. அதனால் அங்கே இன்னும் ஓடக்கூடிய கார்கள் ஓய்வு பெறுகின்றன. அவற்றின் முன்பாதி, எஞ்சினும் கியர்பெட்டியுமாக, கப்பலேறி இங்கே வருகிறது. நம் நாட்டில் பழைய ஈவோவும் சுபாருவும் இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் மாற்றிய எஞ்சினின் எண்ணை ஜேபிஜே பதிவில் திருத்தாவிட்டால், பெயர் மாற்றும் சோதனையில் கார் மாட்டிக்கொள்ளும். 'கெரான்' என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணையும் எஞ்சினில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டால், பிறகு அலைச்சல் வாங்கியவருக்குத்தான்.

உள்ளூர் விதிவிலக்கு ஒன்று உண்டு: புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1996இல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கிய புரோட்டோன், அந்தக் கைப்பக்குவத்தைச் சேர்த்து வெளியிட்ட கார் அது. 1,834 சிசி மிட்சுபிஷி எஞ்சின், சாலை வரி 297 ரிங்கிட். எஞ்சின் பாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. சிறுபட்டறையிலும் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். 2002இல் கரம்ஜிட் சிங் புரோட்டோன் பெர்ட் காரில் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றதைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, புரோட்டோன் மேல் ஒரு தனிப் பாசமும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அசல் ஜிடிஐயின் வெளித்தகடுகளும் இருக்கைகளும் அரிதாகிவிட்டன. சாதாரண சத்ரியாவுக்கு வேடம் போட்டு ஜிடிஐ என்று விற்பதும் நடக்கிறது.

இனி காப்புறுதி. பலருக்குத் தெரியாத ஒரு சொல் இங்கே இருக்கிறது: பெட்டர்மென்ட். விபத்தில் பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதிய பாகம் போட்டால், கார் முன்பைவிட நல்ல நிலைக்கு வந்துவிட்டது என்று காப்புறுதி நிறுவனம் கருதும். அந்த மேம்பாட்டின் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதும் அதற்கு மேலும் ஆன காருக்கு 40 விழுக்காடு வரை போகும். பத்தாயிரம் ரிங்கிட்டுக்குப் புதிய பாகம் போட்டால் நாலாயிரம் நம் கையிலிருந்து. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது பட்டறையில்தான் தெரியவருகிறது.

காப்புறுதி இல்லாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. ஆக, வரி கட்ட முடியாதவர் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே விட்டுவிடுகிறார். 2023 பிப்ரவரியிலிருந்து கண்ணாடியில் வில்லை ஒட்டத் தேவையில்லை என்பதால் வெளியே தெரியாது என்ற தைரியமும் சிலருக்கு. அண்மையில் ஜேபிஜே நடத்திய 'ஒப் லக்சரி' சோதனைகளில் வரி காலாவதியான ஆடம்பரக் கார்கள் பிடிபட்டதைப் படித்துச் சிரித்திருப்போம். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. இந்நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகள். விடியற்காலை ஷிப்டுக்கு கப்சாயில் போகும் நம் அண்ணனையோ தங்கையையோ காப்புறுதி இல்லாத கார் ஒன்று இடித்தால், இழப்பீட்டுக்கு யாரிடம் போவது? காப்புறுதி இல்லாத வாகனத்தால் காயம்பட்டவர்களுக்கென மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் பீரோ இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், காப்புறுதியின்றி ஓட்டுவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. வெறும் சம்மன் கட்டிவிட்டுப் போகும் விஷயமல்ல, உரிமமும் பறிபோகலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வயதான காருக்கு வங்கிகள் வாடகைக் கொள்முதல் கடன் எளிதில் தருவதில்லை. தந்தாலும் தவணைக் காலம் குறுகும். அதனால் தனிநபர் கடன், கடன் அட்டை, அதுவும் இல்லாவிட்டால் கூட்டு. 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச்சொல் ஏறியிருக்கிறது, பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. வாடகைக் கொள்முதலில் தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காரை இழுப்பதற்கான நோட்டீஸ் வரலாம். ஏலத்தில் கார் போன விலைக்கும் மீதிக் கடனுக்கும் உள்ள வித்தியாசம் நம் பெயரிலேயே நிற்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

பிள்ளைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட பெற்றோருக்கு ஒரு செய்தி. 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த திவால் சட்டத் திருத்தத்தின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான காரின் வாடகைக் கொள்முதலுக்கு இலாபநோக்கின்றி ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. திவால் வழக்குக்கான கடன் வரம்பும் 2020இல் ஒரு லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் கடனைக் கேட்டு வழக்குத் தொடுப்பதை இது தடுக்காது. தனிநபர் கடன் வாங்கிக் கார் வாங்கினால் அது வாடகைக் கொள்முதலே அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

சிங்கப்பூரில் பத்து வயதைத் தாண்டிய காரை வைத்திருக்க வேண்டுமானால் வாகன உரிமைச் சான்றை மீண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சாலை வரியிலும் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை கூடுதல் கட்டணம். 'பழைய கார் உனக்குக் கட்டுப்படியாகாது' என்று அரசாங்கமே முதல் நாளில் சொல்லிவிடுகிறது. இங்கே 2009இல் 15 வயதைத் தாண்டிய கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்று அறிவித்தார்கள். மக்கள் எதிர்த்ததும் கைவிட்டார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானதே. வேலைக்குப் போக ஒரு பழைய சாகாவை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் அதே தளர்வில்தான், எத்தனை வயதான கார் என்றாலும் வாங்குகிறவருக்குச் செலவை யாரும் எடுத்துச் சொல்லாத நிலையும் தொடர்கிறது.

2026 வரவு செலவுத் திட்டத்தில், 20 வயதைத் தாண்டிய காரை அழிப்புக்குக் கொடுத்துப் புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி என்று அறிவித்தார்கள். 2002இல் வெளிவரத் தொடங்கிய 350இஸட்டின் முதல் வண்டிகளும், சத்ரியா ஜிடிஐயும் அந்த வயதை எட்டிவிட்டன. ஆனால் ஓடாத நிலையிலும் இவற்றின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் கழற்றி விற்றால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இறந்த யானைக்கும் ஆயிரம் பொன் என்பது இந்தக் கார்களுக்குப் பொருந்தும். உதவி பயன்படப் போவது வாசலில் பழுதாகி நிற்கும் சாதாரணப் பழைய காருக்குத்தான்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், விலை பேசுவதற்கு முன் காரின் பதிவு எண்ணைக் கொடுத்துக் காப்புறுதிக் கட்டணத்தைக் கேட்டு வாங்கலாம்; அதற்குக் காசு கிடையாது. விற்பவர் காட்டும் பட்டறையை விட்டுவிட்டு, தாங்கள் அறிந்த மெக்கானிக்கிடம் காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போவது நல்லது. போய்ச் சேரும்போதே விற்பவர் எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம்.