கீச்சானின் முதுகு

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் வலை போடுகிறவர்களுக்குக் கீச்சான் மீனைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளி உடம்பில் வில்லாக வளைந்த கறுப்புக் கோடுகள், கையைக் கிழிக்கும் செவுள் முள், பிடித்துத் தூக்கினால் கீச்சென்று ஒரு சத்தம். பெரிய விலைக்குப் போகாது. வீட்டுக் குழம்புக்கு ருசியான மீன். குஞ்சுப் பருவத்தைக் கழிமுகத்திலும் ஓடைகளிலும் கழித்துவிட்டுப் பிறகு கடலுக்குள் போகும். நம் கரையில் இருப்பதுபோலவே பசிபிக் கரைகளிலும் இருக்கிறது.

1993 கோடையில் தைவானின் வடகரையில் இந்த மீன் நாட்டையே உலுக்கிய செய்தியானது. அங்கே குவோஷெங் அணுமின் நிலையத்தின் வெந்நீர் கடலில் விழும் இடத்தில் பிடிபட்ட கீச்சான்களின் முதுகெலும்பு கோணிக் கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல, கூட்டமாகவே அப்படி. ஊர் மக்கள் அந்த மீனுக்குத் தங்கள் பொம்மலாட்டத்தில் வரும் கூனன் ஒருவனின் பெயரை வைத்தார்கள். கதிர்வீச்சுதான் காரணம் என்ற அச்சம் தீயாய்ப் பரவியது. ஆய்வாளர்கள் மீன்களை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். கதிர்வீச்சுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஆய்வகத் தொட்டியில் 37 டிகிரி அளவுக்குச் சூடான நீரில் வளர்த்த குஞ்சுகளுக்கும் அதேபோல முதுகு வளைந்தது. சூட்டில் அவற்றின் உடம்பில் வைட்டமின் சி தீர்ந்துபோகிறது. அது இல்லாமல் எலும்பையும் தசையையும் கட்டிவைக்கும் கொலாஜன் சரியாக உருவாவதில்லை. குளிர்ந்த நீருக்கு மாற்றியும், தீனியில் வைட்டமின் சி கலந்து கொடுத்தும் பார்த்தபோது, கோணல் முற்றாத குஞ்சுகள் தேறின. அதே வெந்நீரில் மடவைக் குஞ்சுகளும் இப்படிக் கோணியிருந்தது தெரியவந்தது.

அணு இல்லை, சூடுதான் என்றதும் பலருக்கு நிம்மதி வந்தது. நமக்கு அங்கேதான் கவலை தொடங்குகிறது. கதிர்வீச்சு என்றால் அது அணுமின் நிலையத்தோடு நின்றுபோகும். வெந்நீரோ நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்திலிருந்தும் வருகிறது. நம் கரையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

எப்படி வருகிறது? நிலக்கரியை எரித்து நீராவி எடுத்து டர்பைனைச் சுற்றவைக்கிறோம். வேலை முடிந்த நீராவியை மறுபடி தண்ணீராக்கினால்தான் சுழற்சி தொடரும். அதற்குத்தான் கண்டென்சர்: ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் கடல் நீர் ஓடும், வெளியே நீராவி படும். நீராவியின் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு கடல் நீர் சில நொடிகளில் ஏழு, எட்டு, பத்து டிகிரி ஏறி வெளியே வரும். எரித்த நிலக்கரியின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தைவிடக் கூடுதலான வெப்பம் தண்ணீரில் போய்ச் சேர்கிறது.

அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீராக உள்ளே போவதில்லை. மீன் முட்டை, கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சு, நண்டின் இளம்பருவம் எல்லாம் வடிகட்டி வலைகளைத் தாண்டிக் குழாய்க்குள் இழுபடுகின்றன. குழாயில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கக் குளோரின் கலக்கிறார்கள். சூடு, அழுத்தம், குளோரின் மூன்றையும் தாண்டி மறுபக்கம் உயிரோடு வருபவை சொற்பம். இந்தச் சாவுக்குக் கணக்கு எழுத ஆளில்லை. செத்து ஒதுங்கிய மீனைப் படம் எடுக்கலாம், பிறக்காமல் போன மீனை எந்தக் கேமராவும் எடுக்காது.

மீன் நம்மைப்போல் உடம்புச் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும் உயிர் அல்ல. தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் உடம்பின் சூடு. பத்து டிகிரி ஏறினால் உடம்பின் வேலை ஏறத்தாழ இரு மடங்காகிறது. அந்த அளவுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் 9 மில்லிகிராம் கரைவது, 30 டிகிரியில் ஏழரையாகக் குறைகிறது. கடல் நீரில் அதைவிடவும் குறைவு. தேவை கூடும்போது வரத்து குறைகிறது. தப்பிக்க முடிந்த மீன் வேறு இடம் பார்த்துப் போய்விடும். முட்டையும் குஞ்சும் சேற்றில் கிடக்கும் சிப்பியும் எங்கே போகும்?

இனி நம் விதிகளுக்கு வருவோம். 1998 டிசம்பரில் மத்திய அரசு இதற்கென்று தனி அறிவிக்கை வெளியிட்டது. கடல் நீரை எடுக்கும் புதிய அனல்மின் நிலையங்கள், வெந்நீரை ஏற்கும் நீர்நிலையின் இயல்பான வெப்பத்தைவிட 7 டிகிரிக்கு மேல் சூட்டைக் கூட்டக் கூடாது; ஏற்கெனவே இயங்கும் நிலையங்களுக்குக் கண்டென்சருக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். படித்தால் கறாரான விதியாகத்தான் தெரிகிறது. குறை எங்கே என்றால், விதி பேசுவது வித்தியாசத்தை மட்டும்தான். மீன் வாழ்வது வித்தியாசத்தில் அல்ல. சென்னைக் கடல் மே மாதத்தில் 30 டிகிரியைத் தொடும். அதோடு ஏழைக் கூட்டினால் 37. தைவான் ஆய்வகத்தில் கீச்சானின் முதுகு வளைந்த சூடு அது. பத்தைக் கூட்டினால் 40. குளிர்நாட்டுக் கடல் 12 டிகிரியிலிருந்து 19க்கு ஏறுவதும் நம் கடல் 30லிருந்து 37க்கு ஏறுவதும் காகிதத்தில் ஒரே ஏழுதான். வெப்பமண்டல மீன்களோ தாங்கக்கூடிய எல்லையை ஒட்டியேதான் கோடையைக் கழிக்கின்றன.

பிரான்ஸில் கரோன் ஆற்றங்கரையிலுள்ள கோல்ஃபெக் அணுமின் நிலையத்துக்கு, ஆற்று நீர் 28 டிகிரியைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பு உண்டு. 2022இன் கடும் கோடையில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் தளர்த்துவதற்கு ஒரு வரம்பாவது அங்கே இருந்தது. நம் அறிவிக்கையில் அப்படியொரு எண்ணே இல்லை.

அதே 1998 அறிவிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. கழிமுகங்களிலும், அலையாத்திக் காடு, பவளப்பாறை, மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடங்களுக்கு அருகிலும் குளிர்விப்பு நீரை விட அனுமதிக்கக் கூடாது என்கிறது அதன் வழிகாட்டுதல். இதைப் படித்துவிட்டு எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் அது. அலையாத்தி உண்டு, இறாலும் மடவையும் குஞ்சாக வந்து வளரும் இடம். பாடு முறை வைத்து, இன்ன நாள் இன்ன ஊருக்கு என்று பங்கிட்டு மீன்பிடித்த குப்பங்கள் அங்கே இருக்கின்றன. சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் எடுக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. 1990களின் நடுவில் வந்த வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகளின் சுடுதண்ணீர் அந்தக் கழிமுகத்துக்குத்தான் வருகிறது. விதிக்கு முந்தைய நிலையம் என்று சொல்லலாம். கழிமுகம் அதற்கும் முந்தையது.

எண்ணூரின் துயரம் முழுவதையும் வெந்நீர் மேல் ஏற்ற நாம் முயலவில்லை. சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் படிந்த கழிவு, துறைமுகத்துக்காகத் தூர்த்த சதுப்பு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து படர்ந்த எண்ணெய் எல்லாமே அந்த மக்களின் தட்டிலிருந்து மீனைப் பறித்தவை. சாம்பல் சேர்ந்து ஆழம் குறைந்த ஆற்றில் விழும் வெந்நீர் ஆழமான நீரில் விழுவதுபோலக் கலந்து ஆறுவதில்லை என்பதால், ஒரு கேட்டை மற்றொரு கேடு பெருக்குகிறது.

வெந்நீர் வாயில் மீன்கள் கூடுகின்றனவே, அதனால் கெடுதலில்லையே என்று ஒரு வாதம் எப்போதும் வரும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கூடத்தான் செய்கின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆய்ஸ்டர் க்ரீக் அணுமின் நிலையத்தில் 1972 ஜனவரியில் என்ன நடந்தது? சூடான நீரை நம்பிக் கடலுக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட மீன்கள், நிலையம் நிறுத்தப்பட்டு நீர் திடீரென்று குளிர்ந்தபோது பெருங்கூட்டமாகச் செத்தன.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. மாசசூசெட்ஸின் பிரேட்டன் பாயிண்ட் அனல்மின் நிலையம் மவுண்ட் ஹோப் விரிகுடாவில் நாளுக்கு 100 கோடி கேலன் அளவுக்கு வெந்நீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. மீன்வளம் 87 விழுக்காடு சரிந்துவிட்டதாக 1996இல் பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டின் மீன்வள உயிரியலாளர் ஒருவர் கணக்குக் காட்டினார். 2003இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கடுமையான உரிமம் பிறப்பித்தது. நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வாதாடியது. கடைசியில் வெந்நீரைக் கடலில் கொட்டாமல் காற்றில் ஆறவைக்கும் இரண்டு பிரம்மாண்டமான கூலிங் டவர்கள் எழுந்து 2012 வாக்கில் இயங்கத் தொடங்கின. ஐந்தே ஆண்டில், 2017இல், நிலையம் மூடப்பட்டது; 2019இல் அந்தக் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் கோபுரங்கள் இருபது ஆண்டு முன்னதாகவே வந்திருந்தால் விரிகுடா பிழைத்திருக்கும், போட்ட பணத்துக்கும் பலன் கிடைத்திருக்கும்.

தமிழ்நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். கோடையில் அரை மணி நேரம் கரண்ட் போனால் கூச்சலிடுகிறவர்கள்தான் நாம் எல்லோரும். மின்சாரத்தின் விலையில் கூலிங் டவரின் செலவும் சேரட்டும். இப்போது அந்தச் செலவை யூனிட்டுக்கு ஒரு பைசாகூடக் குறையாமல் கட்டுமரக்காரரும் இருளர் பெண்ணும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் கேட்பவை மூன்று. வித்தியாசத்தோடு உச்சவரம்பும் விதியில் வர வேண்டும். அந்த எண்ணை நம் கடலின் கோடைச் சூட்டையும் நம் மீன்களின் தாங்குதிறனையும் அளந்து முடிவுசெய்ய வேண்டும். இரண்டாவது, எண்ணூர் தொடங்கித் தூத்துக்குடி வரை, வெந்நீர் விழும் ஒவ்வொரு இடத்தின் வெப்பநிலையும் அன்றாடம் பக்கத்துக் குப்பத்து மக்கள் பார்க்கும்படி பலகையில் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, வடசென்னையின் முதல் மூன்று அலகுகளுக்கு முப்பது வயதாகிறது. அவற்றை மூடுவதா, புதுப்பித்து ஓட்டுவதா என்று முடிவெடுக்கும் கோப்பில் வெந்நீர் வாய்க்காலுக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும்; அந்தப் பக்கத்தை எழுதுவதற்கு முன் எண்ணூரின் காட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரக்குப்பத்துக்கும் போய், எந்த மாதத்தில் எந்த மீன் வராமல் போனது என்று கேட்டு வர வேண்டும்.