குற்றாலத்துக்கு அடுப்பு எதற்கு?

ஆனி மாதம் பிறந்து மேற்கே மலையில் மேகம் கூடிவிட்டால், "இந்த வருஷமாவது குற்றாலம் போய்வர வேண்டும்" என்ற பேச்சு எழாத நடுத்தரக் குடும்பம் தென் மாவட்டங்களில் இருக்குமா என்பது சந்தேகம். பேரருவியில் தண்ணீர் கொட்டும் படம் பத்திரிகையில் வருகிறது. குழந்தைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலியைச் சுற்றி வருகிறார்கள். அப்பா ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறார். ரயில் கட்டணம் இவ்வளவு, பஸ் இவ்வளவு, அறை வாடகை இவ்வளவு என்று எழுதி, சாப்பாடு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது.

"நாலு பேருக்கு மூன்று வேளை ஓட்டல் சாப்பாடு என்றால் கட்டுப்படியாகாது. நாமே சமைத்துக்கொண்டால் என்ன?"

இந்த "நாமே" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். குடும்பத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் "நாமே சமைத்துக்கொள்வோம்" என்றால் அதற்குள் இருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் நாளே மாவு அரைத்தாக வேண்டும். புளிக்காய்ச்சல் தயாராக வேண்டும். மிளகாய்ப்பொடி, ஊறுகாய், பருப்பு, அரிசி, குக்கர், கரண்டி என்று ஒரு மூட்டை சேருகிறது. காலை வண்டிக்குப் போக வேண்டுமென்றால் அந்த அம்மாள் எழுந்திருப்பது மூன்று மணிக்கு. குற்றாலம் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் துண்டை எடுத்துத் தோளில் போடுகிறார்கள். அவர், "நீங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு முன்னாலே போங்க. நான் உலையை வச்சிட்டு வந்திடுறேன்" என்கிறார். பிள்ளைகள் குளித்துவிட்டுப் பசியோடு வந்துவிடுகிறார்கள். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அவர் அருவிக்கு வரும்போது கூட்டம் நெரிகிறது. பத்து நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புகிறார். ஊர் திரும்பியதும் ஈரத்துணி மூட்டையும் அவர் தலையில்தான் விடிகிறது.

கணவர் திங்கட்கிழமை ஆபீசில், "மொத்தச் செலவே நாலாயிரத்துக்குள் முடித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்கிறார்.

இதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செலவு குறையவில்லை. பணப்பையிலிருந்து ஒருத்தியின் முதுகுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மத்திய அரசின் புள்ளியியல் துறை, மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2024-ஆம் ஆண்டில் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். அந்த 289 நிமிஷத்திலிருந்து ஒரு நாளாவது விடுதலை கிடைக்காவிட்டால், அந்தப் பெண் குற்றாலத்துக்குப் போனாள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. சமையலறைதான் குற்றாலத்துக்குப் போயிருக்கிறது.

ரசிகமணி டி.கே.சி. (1882–1954) குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கியதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அந்த வீட்டு விருந்தின் ருசியைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். அடுப்படியில் நின்றவர்களைப் பற்றிப் படித்தது மிகவும் குறைவு. இது யார்மீதும் குற்றமல்ல. நம் கண் பழகிய விதம் அப்படி.

சிறுவாட்டுப் பணம்

சரி, பணத்துக்கு எங்கே போவது? கேள்வி நியாயமானது.

வழக்கமாக நம் வீடுகளில் சிக்கனம் என்ற பேச்சு வந்தால், முதல் வெட்டு சமையலறையில் விழும். எண்ணெயைக் குறை, பாலைக் குறை, காஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று விசாரணை நடக்கும். உண்மையில், நம் நாட்டில் சேமிப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தராமலே தெரிந்துவைத்திருந்தவர்கள் பெண்கள்தான். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் அவர்கள் சேர்த்த காசுக்குச் சிறுவாடு என்று ஒரு தனிப் பெயரே தமிழில் இருக்கிறது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அந்த ரகசியம் நாடெங்கும் அம்பலமானது. கணவருக்குத் தெரியாமல் வைத்திருந்த நோட்டைக் கணவர் கையிலேயே கொடுத்து வங்கிக்கு அனுப்ப வேண்டிய நிலைமை எத்தனையோ பெண்களுக்கு வந்தது. குடும்பப் பெண்கள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை போட்டால் விசாரணை இல்லை என்று அரசே சொல்ல நேர்ந்தது. அந்தப் பணம் பெரும்பாலும் பெண்களின் சொந்த ஆசைக்கு ஆகவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் யாருக்கோ வந்த ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆகியிருக்கும்.

ஆகவே குற்றாலப் பணத்தைச் சமையலறையில் தேடாமல் வேறு இடத்தில் தேடிப் பார்க்கலாம். ஒரு டீ பதினைந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸுக்கு எதிரே குடிக்கும் டீயில் நாளுக்கு ஒன்றை நிறுத்தினால் மாதம் 450 ரூபாய். ஆவணியில் ஆரம்பித்தால் ஆனிக்குள் பத்து மாதம், 4,500 ரூபாய். காகிதத்தில் பேனாவை நிறுத்திய சாப்பாட்டுச் செலவு இதற்குள் அடங்கிவிடும். அந்த 450 ரூபாயைச் சட்டைப்பையில் வைத்தால் நிற்காது. வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் போட்டுவிடுவது நல்லது. தீபாவளிச் சீட்டு மாதிரி "குற்றாலச் சீட்டு" என்று யாராவது தெருவில் ஆரம்பித்தால் தயவுசெய்து சேராதீர்கள்.

மின்சாரக் கட்டணத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தெரிந்த விஷயம். பலர் கவனிக்காத விஷயம் 500 என்ற எல்லைக்கோடு. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அதிக விலை என்பதோடு போகாது. 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். ஐம்பதாவது நாள் மீட்டரைப் பார்த்து, மீதிப் பத்து நாள் ஏ.சி.யைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் வேலையை வீட்டு ஆண் செய்யலாம். அதற்கு மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை.

வழிச் செலவு

குற்றாலத்தில் ஒரு விசேஷம் உண்டு. எதற்காகப் போகிறோமோ அது இலவசம். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் தண்ணீரை விலைக்கு விற்பவர் யாரும் இல்லை. சுற்றியுள்ளவைதான் பணம் கேட்கின்றன.

அறை வாடகை ஏறுவது சனி, ஞாயிறு கூட்டத்தால். ஒரு திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளியில் விடுப்பு வாங்கினால், ஞாயிறு மதியம் கூட்டம் திரும்பும் நேரத்தில் நாம் உள்ளே நுழையலாம். வாடகை பேசிக் குறைக்கவும் இடம் உண்டு. குற்றாலத்திலேயே தங்க வேண்டும் என்பதும் இல்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் பெரும்பாலும் இன்னும் மலிவாக அறை கிடைக்கும். இரண்டுக்கும் இடையே பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அந்தப் பலகை மாட்டிய வண்டிக்குச் சற்றுக் காத்திருக்கலாம்.

மதுரையிலிருந்து வருபவர்களுக்கு ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகச் செங்கோட்டை செல்லும் சாதாரணப் பயணிகள் ரயில் இருக்கிறது. பஸ் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. சென்னைவாசிகளுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். முன்பதிவு முன்போல் 120 நாளுக்கு முன் திறப்பதில்லை. 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் 2016 முதல் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. சின்னக் குழந்தையை அம்மா மடியில் நெருக்கிக்கொண்டு போகலாம் என்று அந்தப் பாதியை மிச்சம் பிடிப்பவர்கள், இரவு முழுவதும் தூங்காமல் வருவது யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும். அதுவும் இடம் மாறிய செலவுதான்.

வழிக்கு ஒரு வேளை கட்டுச்சாதம் எடுத்துக்கொள்வதை நான் ஆட்சேபிக்கவில்லை. புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலியும் ரயிலில் சாப்பிடும் சுகமே தனி. இலை விரிப்பவரும் பொட்டலம் கட்டுபவரும் வேறு ஆளாக இருந்தால் போதும். அடுப்பைத்தான் வேண்டாம் என்கிறேன். ரயிலில் காஸ் சிலிண்டர் கொண்டுபோவது சட்டவிரோதம். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி காலை மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததை மறந்திருக்க மாட்டோம். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் ரகசியமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். அவர்களும் வழியில் நாமே சமைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் புறப்பட்டவர்கள்தான்.

"வேன் பிடித்துப் பதினைந்து பேர் போகிறோம். ஓட்டலில் எப்படிக் கட்டும்?" என்று கேட்பார்கள். கட்டாது, உண்மைதான். அப்படிப்பட்ட கோஷ்டி சமைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஆண்கள் சமைக்கட்டும். உப்பு ஏறினாலும் குற்றாலத்துப் பசிக்குத் தெரியாது. அருவியில் குளித்தவனுக்குக் கல்லும் ஜீரணமாகும். நாலு பேர் குடும்பத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. காலையில் இட்டிலி, மதியம் விலைப்பட்டியல் தொங்கும் ஓட்டலில் அளவுச் சாப்பாடு, இரவுக்குப் பரோட்டா. பட்டியல் மாட்டாத கடையில் உட்காராதீர்கள்.

வேறு எதைக் குறைக்கலாம் என்றால், சாலை ஓரத்துப் பொம்மைகளையும் சிப்ஸ் பொட்டலங்களையும் குறைக்கலாம். மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் மட்டும் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோப்பு, ஷாம்பூ செலவு அடியோடு மிச்சம். அருவியில் அவற்றுக்குத் தடை. பணம் கொடுக்காமல் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. குற்றாலநாதர் கோயில், நடராஜருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபையின் சுவரோவியங்கள், தென்காசி காசி விசுவநாதர் கோயில். தென்காசிக் கோபுர வாசலில் அடிக்கும் காற்றுக்காகவே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். எந்த ஏ.சி. அறையிலும் அது கிடைக்காது.

புறப்படும் நாள் காலையில் பத்திரிகையைப் பார்த்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். "இவ்வளவு செலவழித்து வந்தோமே" என்று தடுப்பை மீறிப் போவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. செலவான பணம் போனால் போகட்டும். கோயிலைப் பார்த்துவிட்டு, சாரலில் நனைந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனியிடம் உண்டு. விடியற்காலையில் போனால் நெரிசல் குறைவு. அப்படி ஒரு காலையில், கரையில் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். ஒரு தோளில் மனைவியின் கைப்பை, மறு தோளில் மூன்று துண்டு, கையில் இரண்டு ஜோடிச் செருப்பு. பக்கத்தில் ஒரு பெண் குழந்தை இட்டிலிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள், ஓட்டல் இட்டிலி.

"ரொம்ப நேரமாக நிற்கிறீர்களோ?" என்று கேட்டேன்.

"முக்கால் மணி இருக்கும், சார். அவ வரும்போது வரட்டும்" என்றார்.